கடைசி ஐந்து நிமிடம்

கனடாவில் காலைக் கோப்பியோடும் அவுஸ்திரேலியாவில் நித்திரைக் கண்ணோடும் இணைந்திருப்பவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த ஒரு விடயத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். ஆகவே பாவசங்கீர்த்தனத்தோடு தொடங்குகிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக நான் மோசமான பொலிஸ் நாடகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வருகிறேன். நல்லவற்றை அல்ல, மோசமானவற்றை. பார்த்துக்கொண்டே நக்கல் அடிப்பேன். பிறகு அடுத்த நாளும் பார்ப்பேன். இலக்கியக் கூட்டங்களில் யாராவது என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் ஈரானியப் படத்தின் பெயர் ஒன்றைச் சொல்லித் தப்பியிருக்கிறேன். அந்தப் பொய்யையும் இன்று ஒத்துக்கொள்கிறேன்.

இந்தப் பழக்கம் லாச்சப்பலில் தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் வந்து இறங்கியது ஃபோபூர் சென்தெனி வீதியில் மாமாவின் ஓரறை வீட்டுக்கு. மாமா, மாமி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த இரண்டு பொடியள். ஏழு பேருக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. தமிழ்ப் படம் பார்ப்பதென்றால் கீழே கடையில் கசற் வாடகைக்கு எடுக்க வேண்டும். கசற் எடுக்கக் காசில்லாத நாட்களில் பிரெஞ்சுச் சேனல்தான். எங்களில் மாமாவைத் தவிர ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆனால் டெரிக் மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

டெரிக் ஒரு ஜெர்மன் தொடர். 1974 முதல் 1998 வரை 281 பகுதிகள். நூறுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு விற்கப்பட்டது. மியூனிக் நகரத்து இன்ஸ்பெக்டர் ஸ்டெஃபான் டெரிக், கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்க, மழைக்கோட்டோடு மெதுவாக நடந்து வருவார். பக்கத்தில் உதவியாளர் ஹாரி. ஓட்டம் குறைவு, துவக்குச் சத்தம் குறைவு, கதை முழுக்கக் கதிரையில் இருந்து கதைப்பதுதான். பிரெஞ்சில் குரல் மாற்றியவர்களும் சொல் சொல்லாக நிறுத்திப் பேசினார்கள். மொழி படிக்க வந்த எங்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கவில்லை. நான் பிரெஞ்சில் முதலில் பிழையில்லாமல் சொல்லப் பழகிய வசனம், "நேற்றிரவு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் எங்கே இருந்தீர்கள்?" என்பது. பின்னாளில் தாதியாக வேலை தொடங்கியபோது, இரவு நித்திரை வரவில்லை என்று முறையிட்ட ஒரு நோயாளியிடம் கிட்டத்தட்ட அதே தொனியில் அதே கேள்வியைக் கேட்டு, அவர் வழக்கறிஞர் வேண்டுமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் கொலைகாரனைச் சொல்ல வேண்டும். தோற்றவர் தேத்தண்ணி போட வேண்டும். இதற்கு மாமி வைத்திருந்த விதிகள் எளிமையானவை. வீட்டில் நீச்சல் குளம் இருந்தால் அவன்தான். கண்ணாடிக் குவளையில் விஸ்கி ஊற்றிக்கொண்டே பதில் சொன்னால் அவன்தான். தாயோடு அளவுக்கு மேல் மரியாதையாகக் கதைத்தால் கட்டாயம் அவன்தான். மாமி தேத்தண்ணி போட்டதாக எனக்கு நினைவில்லை.

நக்கல் அடித்தது நாங்கள் மட்டும் அல்ல. டெரிக் ஹாரியைக் காரை எடுத்துவரச் சொல்லும் வசனம் ஜெர்மனியில் ஒரு நாட்டுப்புறப் பகிடி போல் ஆகிவிட்டது. தேடிப் பார்த்தவர்கள், அந்த வசனத்தை அவர் அப்படியே ஓர் இடத்திலும் சொல்லவில்லை என்கிறார்கள். பிரான்சில் டெரிக் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் நித்திரை என்று அர்த்தம். உம்பர்த்தோ எக்கோவும் டெரிக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். நடுத்தரத்தின் மீது மக்கள் கொண்ட மோகம் என்பது அவருடைய பார்வை. எக்கோவே பார்த்திருக்கிறார் என்றால் என் பாவம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அதிகம் சிரிப்பு வந்தது கடைசிக் காட்சியில். டெரிக் அடிக்க மாட்டார். கத்த மாட்டார். அந்தப் பெரிய கண்களால் ஆளைப் பார்ப்பார். கொலைகாரன் நெற்றியைத் துடைப்பான், கதிரையில் இருப்பான், முழுவதையும் சொல்லிவிடுவான். மாமா பெட்டியைப் பார்த்துக் கத்துவார்: "அவன் ஒரு தட்டுக்கூடத் தட்டேல்லையேடா! பிறகேன் ஒத்துக்கொள்ளுறாய்?"

புதிதாக வந்திருந்த பொடியளில் ஒருவன் கொழும்பில் பல மாதம் தடுப்பில் இருந்துவிட்டு வந்தவன். எல்லோரையும்விட அவன்தான் கூடச் சிரிப்பான். ஒருநாள் டெரிக் சந்தேக நபருக்குக் கோப்பி கொடுத்த நேரம் அவன் சொன்னான்: "அக்கா, எனக்கும் கோப்பி தந்து கேட்டிருந்தா நான் செய்யாததையும் சேத்துச் சொல்லியிருப்பன்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமி எழும்பித் தேத்தண்ணி போடப் போனார். அன்றைக்கு மாமி தோற்கவில்லை.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச நினைத்தேன்.

இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. அது பிரித்தானியர் காலத்துச் சட்டம். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எப்படிப் பிறக்கும் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது அதன் 16ஆம் பிரிவு. வற்புறுத்தலால் சொன்னேன் என்றால், அதைச் சொன்னவரே நிரூபிக்க வேண்டும். தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் 1982இல் நிரந்தரமானது.

சட்டம் படிப்பவர்கள் சிங்கராசா வழக்கை அறிவார்கள். 1993இல் கிழக்கில் கைதான ஒரு தமிழ்த் தொழிலாளி. அவருடைய வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அவருக்குச் சிங்களம் தெரியாது. அடியில் பெருவிரல் அடையாளம் வைத்தார். 1995இல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருக்கு எதிரான முக்கிய சாட்சியம் அந்தத் தாள்தான். 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இது நீதியான விசாரணை அல்ல என்று கண்டது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிடும் வழியே நாட்டின் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்றது.

அதனால் வாக்குமூலத்தோடு கதை முடியும் நாடகத்தைப் பார்க்கும்போது எங்கள் வீட்டுச் சிரிப்பும் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரரின் சிரிப்பும் ஒன்றாக இருக்கவில்லை. எப்படி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறான் என்று அவர் சிரித்தார். எப்படி இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறான் என்று நாங்கள் சிரித்தோம். சிரித்தபடியே, நாங்கள் வந்து சேர்ந்திருப்பது கோப்பி கொடுத்துக் கேட்கும் நாடு என்று நம்பவும் தொடங்கினோம். விசா காட்டுக்காகப் பொலிஸ் தலைமையகத்து வரிசையில் விடியற்காலையில் போய் நின்றபோது, பக்கத்துக் கட்டடத்தைக் காட்டி மாமா சொன்னார்: "அதுதான் 36, கே தெ ஓர்ஃபெவ்ர். ரீவியில வாற ஆக்களெல்லாம் அங்கதான் வேலை." நான் சினிமா நடிகர் வீட்டைப் பார்ப்பது போல் பார்த்தேன்.

அந்த முகவரியிலிருந்து பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கு வந்த முதலாவது பெரிய துப்பறிவாளர் இன்ஸ்பெக்டர் பூரெல். 1958 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கிய அந்தத் தொடரின் பெயரே 'கடைசி ஐந்து நிமிடங்கள்'. உருவாக்கியவர் குளோத் லூர்சே. பூரெலாக நடித்தவர் ரேமோன் சூப்லெக்ஸ், மேடைகளில் நையாண்டிப் பாட்டுப் பாடி வந்தவர். ஆரம்பத்தில் அது நேரடி ஒளிபரப்பு. பார்வையாளர் இருவரைக் கலையகத்துக்கு அழைத்து இருத்தி, கொலைகாரன் யார் என்று கேட்பார்கள். லாச்சப்பலில் நாங்கள் தேத்தண்ணிக்காக விளையாடிய விளையாட்டை, நாற்பது வருடத்துக்கு முன்னரே பிரெஞ்சுத் தொலைக்காட்சி விளையாடியிருக்கிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் பூரெல் கையைக் கையில் குத்தி, அட கடவுளே, விளங்கிவிட்டது என்பார். சூப்லெக்ஸ் 1972இல் இறந்த பிறகும் வேறு நடிகர்களோடு தொடர் 1996 வரை ஓடியது. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர் தொலைந்த திறப்பைக் கண்டெடுத்தால் பூரெலின் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதே 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாரிஸ் பொலிசுக்குப் புதிய தலைவர் வந்தார். பெயர் மொரிஸ் பப்போன். அது அல்ஜீரிய விடுதலைப் போர்க் காலம்.

லாச்சப்பல் மெத்ரோவில் இறங்கிப் பார்பெஸ் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் கூத் தோர் வரும். நாங்கள் மரக்கறி மலிவாக வாங்கப் போகும் இடம். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பப்போனின் கீழ் இயங்கிய துணைப் பொலிஸ் படை ஒன்று கட்டடங்களின் நிலவறைகளில் இருந்தது. அல்ஜீரியர்களைப் பிடித்துக்கொண்டுபோய் அங்கே சித்திரவதை செய்து வாக்குமூலம் எடுத்தார்கள். இதைப் படித்து அறிந்த பிறகு, வருடக்கணக்காக நான் வெங்காயமும் கத்தரிக்காயும் தூக்கி நடந்த வீதி எனக்குக் கொழும்பு போலத் தெரியத் தொடங்கியது.

1961 அக்டோபர் 5ஆம் தேதி பாரிஸ் பொலிஸ், அல்ஜீரியர்கள் இரவு எட்டரைக்குப் பிறகு வெளியே நடமாடக் கூடாது என்று 'அறிவுறுத்தியது'. அவர்கள் கூடும் கஃபேக்கள் ஏழு மணிக்கே மூட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதை எதிர்த்து அக்டோபர் 17 இரவு ஆயிரக்கணக்கான அல்ஜீரியக் குடும்பங்கள் ஆயுதமில்லாமல் ஊர்வலம் போனார்கள். பொலிஸ் சுட்டது, அடித்தது, ஆட்களைச் செய்ன் நதிக்குள் எறிந்தது. இறந்தவர் இரண்டு பேர் என்றது அடுத்த நாள் அரச அறிவிப்பு. பல பத்துப் பேர் முதல் நூற்றுக்கு மேல் வரை என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். ஆட்களை எறிந்த இடங்களில் ஒன்று சென் மிஷேல் பாலம். கே தெ ஓர்ஃபெவ்ர் வீதி அந்தப் பாலத்தடியில்தான் தொடங்குகிறது. பூரெலின் அலுவலக வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்.

அந்தக் கொலைகளைத் துப்பறிந்தது இன்ஸ்பெக்டர் ஒருவரும் அல்ல. ழான் லுக் எனோடி என்ற சமூகக் கல்வியாளர், பிரச்சினைக்குள்ளான இளவயதினரோடு வேலை செய்தவர், ஆட்களைத் தேடிக் கேட்டு, பதிவேடுகளைப் புரட்டி, 1991இல் புத்தகம் எழுதினார். பப்போன் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டார். 1999இல் அந்த வழக்கில் பாரிஸ் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த பிரிஜித் லெனே, பிலிப் கிரான் என்ற இருவர், எங்கள் ஆவணங்களில் இந்தக் கொலைகளின் தடயம் இருக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். பப்போன் தோற்றார். சாட்சி சொன்ன இருவரும் தங்கள் வேலையில் ஒதுக்கப்பட்டார்கள். பாலத்துக்கு அருகில் நினைவுப் பலகை 2001இல் வந்தது. இந்தக் கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பப்போன் 1998இல் தண்டனை பெற்றது, நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோ பகுதி யூதர்களை நாடுகடத்திய வழக்கில். அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி டெரிக்குக்கு வருகிறேன். நடிகர் ஹோர்ஸ்ட் டாப்பர்ட் 2008இல் காலமானார். போரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம், மருத்துவ உதவியாளனாக இருந்தேன் என்று சொல்லி வந்தவர். 2013இல் ஓர் ஆய்வாளர் பழைய இராணுவப் பதிவுகளில் அவருடைய பெயரைக் கண்டெடுத்தார். ஹிட்லரின் ஆயுத எஸ்.எஸ். படையில், 'மண்டையோடு' என்ற பெயர் கொண்ட பிரிவில் இருந்திருக்கிறார். டெரிக்கின் 281 கதைகளையும் எழுதியவர் ஹெர்பர்ட் ரைனெக்கர். ரைனெக்கரும் எஸ்.எஸ். படையின் போர்ச் செய்தியாளராக இருந்தவர். இனி மறு ஒளிபரப்பு இல்லை என்று ஜெர்மன் தொலைக்காட்சி அறிவித்தது.

அந்தச் செய்தி வந்த நாள் நான் பாரிசுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தேன். வருடக்கணக்காக ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் அடுத்தவர் வாயிலிருந்து உண்மையை வரவைத்த மனிதர், தன்னுடையதைச் சொல்லாமல் போய்விட்டார். நான் நோயாளிகளின் குருதி அழுத்தம் எடுத்தபடி அதை யோசித்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. ஏமாந்தது போல இருந்தது. நான் அவரைப் பகிடி பண்ணித்தான் பார்த்தேன், ஆனாலும் அவரிடம் மொழி படித்தவள்.

வாக்குமூலம் வந்தால் கதை முடிந்துவிடும் என்பதும் நாடகத்தின் இன்னொரு பொய். 1998 ஜூலையில், கிருஷாந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவக் கோப்ரல் ஒருவர், ஒருவரும் அடித்துக் கேட்காமல், கொழும்பு நீதிமன்றத்தில் எழுந்து நின்று, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருக்கின்றன என்றார். டெரிக் என்றால் அந்த இடத்தில் இசை வந்து பெயர்கள் ஓடத் தொடங்கியிருக்கும். 1999இல் தோண்டினார்கள், 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன, பிறகு மண் மூடிக் கிடந்தது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எரியூட்டும் மேடை கட்டத் தோண்டிய வேலையாட்களின் மண்வெட்டியில் எலும்புகள் பட்டன. நூற்றுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள், குழந்தைகளுடையதும் உட்பட, வெளியே வந்தன. அந்தக் காணொளிகளை லாச்சப்பல் கடைகளில் நின்று சனம் கைபேசியில் பார்த்தது. அப்போது ஒருவரும் நக்கல் அடிக்கவில்லை. கொலைகாரன் யார் என்று பந்தயம் கட்டவும் தேவையிருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் இன்னும் பார்க்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். ஒரு மனிதர் தனியாக வருகிறார். கதவைத் தட்டுகிறார். உள்ளே வரலாமா என்று கேட்கிறார். ஒருவர் இறந்ததற்குக் காரணம் யார் என்று அறியாமல் அவர் போகமாட்டார். செத்தது வேலைக்காரியாக இருந்தாலும், வீதியில் நின்ற பெண்ணாக இருந்தாலும் தேடுவார். எங்கள் ஊரில் இந்த நான்கில் ஒன்றும் நடந்ததில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இருந்தது, அந்த மனிதர் வந்து கதவைத் தட்டுவதற்காகத்தான். மோசமான நாடகம் என்று தெரிந்தேதான் பார்க்கிறேன். அது காட்டும் ஆசையைப் பகிடி பண்ண எனக்கு மனம் வருவதில்லை.

கடைசியாக ஒன்று. அந்த முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன். அல்ஜீரியாவின் கபிலி மலைப் பகுதியிலிருந்து ஐம்பதுகளில் வந்து, கூத் தோரில் இருந்து, கட்டட வேலை செய்தவர். மதியம் கூடத்தில் டெரிக் ஓடும். பாதியில் எல்லோரும் நித்திரையாகிவிடுவார்கள். மருந்துத் தட்டோடு நான் போகும்போது ஒவ்வொருவராக எழும்பி, யார் கொலைகாரன் என்று கேட்பார்கள். நானும் பார்த்திருக்க மாட்டேன். மாமியின் விதிப்படி, நீச்சல் குளம் வைத்திருந்தவன் என்று சொல்லிவிடுவேன். ஒருவரும் மறுத்ததில்லை.

ஒருநாள் அந்தப் பெரியவர் சொன்னார்: "பூரெல் தொடங்கின காலத்தில நாங்கள் கஃபேயில இருந்துதான் பார்ப்போம் மகளே. பிறகு எங்கட கஃபேயை ஏழு மணிக்கே மூடவேணும் எண்டாங்கள். அதுக்குப் பிறகு நான் ஒரு கதையின்ர முடிவும் பார்க்கேல்லை." அதைப் பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். லாச்சப்பல் வீட்டில் கேட்ட சிரிப்பு அது என்பது வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு அவருக்கு மட்டும் நான் முடிவைக் கதையாகக் கட்டிச் சொல்வேன். எங்கே பிடிபட்டான், என்ன சொன்னான் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"ஒத்துக்கொண்டானா?"

"ஓம், ஒத்துக்கொண்டான்."

"அடிக்காமலா?"

"அடிக்காமல்தான் ஐயா. கோப்பி குடுத்துக் கேட்டவை."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, நம்பாத முகத்தோடு தலையை ஆட்டிவிட்டு, மாத்திரைக்காகக் கையை நீட்டுவார்.